கானாங்கோழி கொடுத்த கருவேல மரம்

கருவேல மரங்கள் சூழ்ந்த ஒரு குளத்துக்கு நாற்பது தூக்கணாங்குருவிகள் வந்து சேர்ந்தன. சூறைக்காற்றில் அவை வாழ்ந்த ஈச்சந்தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது.

குளத்துத் தலைவரான நாரை இரக்கம் உள்ளவர். "வேறு வழி பிறக்கும்வரை கரையோரப் புதரில் இருங்கள். புல்விதை தாராளமாகத் தின்னுங்கள்" என்றார்.

மழைக்காலம் வந்தது. குளத்துப் பறவைகள் எல்லாம் கூடு கட்டின. குருவிகள் மட்டும் புதரில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. செம்பி என்ற கானாங்கோழி, பூவன் என்ற குருவியிடம் கேட்டாள்.

"உன்னைப் போல் கூடு பின்ன யாரால் முடியும்? ஏன் கட்டவில்லை?"

"எந்தக் கிளையில் கட்டுவது அக்கா? நாளைக்கே போகச் சொன்னால் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியுமா?"

செம்பி இரை தேடுவதை விட்டாள். நேரே நாரையிடம் போனாள்.

"நேற்றுப் புதரில் சாரைப்பாம்பு மூன்று குருவிகளை விழுங்கிவிட்டது ஐயா. இவர்களுக்கு நிலையான இடம் வேண்டும்."

"தின்னக் கொடுக்கிறோமே" என்றார் நாரை.

"கிளையைக் கொடுத்தால் நாளைக்குக் குளத்தையே கேட்பார்கள்" என்று கொக்குகள் முணுமுணுத்தன.

"தண்ணீர்மேல் சாய்ந்திருக்கும் என் கருவேல மரத்தைக் கொடுக்கிறேன். மரத்தடிக் கோரையில்தான் என் கூடு. பாம்பு வந்தால் என்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும்" என்றாள் செம்பி.

நாரை பறந்துபோய் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு குருவிகளை அழைத்தார். "அந்த மரம் இனி உங்களுடையது. யாரும் உங்களைப் போகச் சொல்லமாட்டார்கள். நீங்களாகத் திரும்பிப் போக விரும்பினால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள். குளத்துக் கூட்டத்திலும் வந்து பேசுங்கள்."

பத்தே நாளில் பதினெட்டுக் கூடுகள் தொங்கின. ஒரு பகல் பாம்பு வந்தது. செம்பி சிறகை விரித்துக் கத்தினாள். கடிபடுவோம் என்று தெரிந்தும் விலகவில்லை. சத்தம் கேட்டுக் கொக்குகளும் பறந்து வந்து கொத்தின. பாம்பு ஓடிவிட்டது.

குஞ்சுகள் பறக்கப் பழகின. சில ஆண்டுகளில் பழைய தோப்பில் ஈச்சங்கன்றுகள் வளர்ந்தன. சில குருவிகள் அங்கே திரும்பின. பூவனும் மற்றவர்களும் குளத்திலேயே தங்கினார்கள். இரண்டையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

அடைக்கலம் தேடி வந்தவருக்கு இன்றைய உணவோடு, நாளையை அச்சமின்றி எண்ணிப் பார்க்க ஓர் இடமும் தருவதே முழுமையான உதவி.