ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கேள்வி

காலை ஏழு மணி பதினேழு நிமிடம். இரண்டாயிரமாவது கேள்வி. அதோடு நல்லபெருமாளின் செயலி ஊமையாகிவிடும்.

"தினமும் இதே நேரந்தான், டீச்சர். ஏழு பதினேழுக்கு மேல எது கேட்டாலும் இல்லைங்காங்க. நான் என்ன செய்ய?"

ஜெபக்கனி டீச்சர் டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"வெளிய போய் நில்லுங்க, அண்ணாச்சி," என்றார்.

நல்லபெருமாளுக்கு ஐம்பத்தொரு வயது. டீச்சருக்கு முப்பத்தாறு. நல்லபெருமாள் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

*

அந்த அறை பாளையங்கோட்டையில், மைதீன் பாயின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் அல்ல. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். வெளியார் எழுதிய செயலிகள் அந்தக் கம்பெனியிடம் விவரம் கேட்டு வந்துகொண்டே இருக்கும். யாருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி, அளவு தாண்டினால் எப்படி இல்லை என்பது என்றெல்லாம் தீர்மானிக்கிற நாற்காலி அவருடையது. ஊர் திரும்பிய பிறகு, இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் அவரைத் தேடி மாடியேறினார்கள்.

நல்லபெருமாள் ஏறியது ஒரு வேன் விவகாரத்துக்காக.

திருநெல்வேலியில் ஓர் அறக்கட்டளை, சிறுநீரகம் பழுதான அறுபத்தொரு பேருக்கு டயாலிசிஸ் செய்துவந்தது. அவர்களை வீட்டு வாசலில் ஏற்றிவர நான்கு வேன்கள். தட்டச்சு நிலையம் நடத்திக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்ட நல்லபெருமாள் அதற்கு ஒரு செயலி செய்து கொடுத்திருந்தார். வேன் வர எத்தனை நிமிடம் என்று நோயாளியின் போனில் அது காட்டும்.

வரைபடம் அவருடையது அல்ல. எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியுடையது. அது கொடுத்த சாவியை, ஒரு நீளமான ரகசியக் குறியீட்டைக் காட்டி நாள் ஒன்றுக்கு இரண்டாயிரம் கேள்வி வரை கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும்; அது அறக்கட்டளையால் முடிகிற காரியம் இல்லை.

காலை ஏழு மணிக்கு வேன்கள் கிளம்பும். இருபது பேர் போனைத் திறந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு போனும் பத்து வினாடிக்கு ஒரு தடவை, வேன் எங்கே, வேன் எங்கே என்று வரைபடத்தைக் கேட்கும். ஏழு பதினேழுக்குக் கதை முடிந்துவிடும். கடைசியாக வந்த பதில் திரையில் அப்படியே உறைந்து நிற்கும்.

அந்தத் திங்கட்கிழமை பேட்டையில் உலகநாதனின் திரையில் உறைந்து நின்றது, "4 நிமிடம்".

உலகநாதன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நேரம் சொன்னால் நம்புகிறவர். தெருமுனைக்கு வந்து நின்றார். வேன் வழியில் மாட்டிக்கொண்டிருந்தது. திரை நான்கைவிட்டு நகரவில்லை. தரையில் உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது. மே மாத வெயிலில் ஐம்பது நிமிடம் நின்று, பிறகு விழுந்தார். நெற்றியில் இரண்டு தையல். அன்றைக்கு அவருக்கு ஒதுக்கிய டயாலிசிஸ் படுக்கை நேரமும் போனது.

பார்க்கப் போன நல்லபெருமாளை அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, உன் கணக்குல நாலு நிமிஷம்ங்கது எத்தனை நிமிஷம்?"

அறக்கட்டளைச் செயலாளர் சொன்னது இன்னும் சுருக்கம். ஜூன் ஒன்றாம் தேதிக்குள் இது சரியாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு வாசலில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, எல்லோரையும் வண்ணார்பேட்டைக்கு வந்து வேன் ஏறச் சொல்லிவிடுவார்கள். அறுபத்தொரு பேரில் இருபது பேராவது வண்ணார்பேட்டை வரை வந்து சேரமாட்டார்கள் என்று நல்லபெருமாளுக்குத் தெரியும். அந்த இருபது பேரின் பெயர்களும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு தந்திரம் செய்தார். மனைவி பெயரில் ஒரு சாவி வாங்கினார். மகள் பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று, ஆஸ்பத்திரி வாட்ச்மேன் பெயரில் ஒன்று. புதன்கிழமை மதியம் நான்கையும் அந்தக் கம்பெனி ஒரே நேரத்தில் பூட்டியது. இன்னொரு முறை நடந்தால் முதல் சாவியும் பூட்டப்படும் என்று ஒரு வரி எழுதி அனுப்பியது.

வெள்ளிக்கிழமை மாடியேறினார்.

*

கதவைத் தட்டினார்.

"இல்லை," என்றது உள்ளேயிருந்து குரல்.

மறுபடி தட்டினார்.

"இல்லை."

டீச்சர் போனில் இருக்கிறாரோ என்று நினைத்துச் சற்றுப் பலமாகத் தட்டினார். வண்டிச் சாவியால் தட்டினார். பதினொரு தடவை தட்டினார். பதினொரு தடவையும் அதே குரல், அதே ஏற்ற இறக்கத்தோடு, இல்லை என்றது.

கீழே மைதீன் பாய் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நல்லபெருமாள் இறங்கிவந்து அவரிடம் தணிந்த குரலில் ஒரு உதவி கேட்டார். பாய் மேலே போய்த் தட்ட வேண்டும். தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

"எம் பேரைச் சொன்னா வேற கதவாயிருமா?" என்றார் பாய். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

தட்டவில்லை. கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கி வந்தார்.

"படிச்சீங்களா, அண்ணாச்சி?"

"எதை?"

"தாழ்ப்பாள் பக்கத்துல ஒட்டியிருக்கே."

நல்லபெருமாள் ஏறிப் பார்த்தார். உள்ளங்கை அளவு சீட்டு. "பத்து மணிக்குத் தட்டவும்."

கைக்கடிகாரத்தில் பத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. நின்றார். கதவு சாத்தியதிலிருந்து அவர் சும்மா நின்றது அந்த இரண்டு நிமிடம்தான்.

பத்து மணிக்கு ஒரு தடவை தட்டினார். கதவு திறந்தது.

*

நேற்று வந்த மறுப்பு ஒன்றைக் காட்டச் சொன்னார் டீச்சர். நல்லபெருமாள் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். நானூற்று இருபத்தொன்பது என்ற எண். அளவு தாண்டினால் வருகிற எண் அது.

"அதுக்குக் கீழே?"

நல்லபெருமாள் அதற்குக் கீழே போனதே இல்லை. எண்ணைப் பார்த்ததும் செயலி மறுபடி கேட்க வேண்டும், அப்படித்தான் எழுதியிருந்தார். இப்போது கீழே போய்ப் பார்த்தார். இத்தனை வினாடி கழித்து வரவும் என்று ஒரு வரி இருந்தது.

"நேத்து மொத்தம் எத்தனை இல்லை?"

பதினோராயிரத்துச் சொச்சம் என்றார்.

"பதினோராயிரம் தடவையும் சொல்லியிருக்காங்க."

நல்லபெருமாள் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

"சரி, டீச்சர். வரச் சொல்லுதாங்க. ஆனா நாளைக்குக் காலையிலதான வரச் சொல்லுதாங்க? உலகநாதன் அண்ணன் இன்னைக்குக் காலையில தெருவுல நிக்காரு."

டீச்சர் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஏழு ஜெம் கிளிப்புகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் எங்கிட்ட நீங்க ஏழு கேள்வி கேக்கலாம்."

"எதுக்கு, டீச்சர்?"

டீச்சர் ஒரு கிளிப்பை எடுத்துக்கொண்டார்.

"இதுவும் கணக்கா?"

இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

*

அன்றைக்குப் பாளையங்கோட்டையில் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மடிக்கணினியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்று இருபதுக்கு நல்லபெருமாள் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"கரண்ட் எப்ப வரும்?"

டீச்சர் தெரிந்த லைன்மேன் ஒருவருக்குப் போன் போட்டார். "நாலு மணிக்கு," என்றார்.

பதினொன்று முப்பதுக்கு, நாலு மணி என்றால் நாலேதானா என்று கேட்டார். பதினொன்று நாற்பதுக்கு, இன்னும் வரவில்லையே என்று மறுபடி எப்போது வரும் என்றார். பன்னிரண்டுக்கு, இப்போதாவது வருமா என்றார். ஒவ்வொரு தடவையும் டீச்சர் நாலு மணிக்கு என்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு கிளிப் போனது.

ஒன்று மிஞ்சியது. நல்லபெருமாள் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

பக்கத்துத் தையல்கடை ரோசம்மாள் மாடியேறி வந்தார். லைன்மேனின் நம்பர் டீச்சரிடம்தான் உண்டு என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"கரண்ட் எப்ப வரும், டீச்சர்?"

டீச்சர் மோவாயால் நல்லபெருமாளைக் காட்டினார்.

"நாலுக்கு," என்றார் நல்லபெருமாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். நல்லபெருமாள் நாலுக்கு என்றார். எதிர்ச்சாரியிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா மூச்சு வாங்க வந்தார். நாலுக்கு. மைதீன் பாய், படியேறச் சோம்பி, கீழேயிருந்தே குரல் கொடுத்தார். அவருக்கும் நாலுக்கு. அரை மணி நேரத்தில் நல்லபெருமாளுக்கு அலுத்துவிட்டது. ஒரு தாளில் எழுதி மாடிப்படியின் அடியில் ஒட்டினார். "கரண்ட் 4 மணிக்கு வரும்."

ரோசம்மாள் மறுபடி வந்து தாளைப் பார்த்தார்.

"இது எப்ப சொன்னது, அண்ணாச்சி?"

நல்லபெருமாள் பேனாவை எடுத்துக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். "கேட்டது 11.20."

அதற்குப் பிறகு மாடிக்கு யாரும் வரவில்லை. சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வருகிறார்கள், படிக்கிறார்கள், போகிறார்கள். எண்ணினார். பதினாறு பேர். டீச்சர் வாயே திறக்கவில்லை. நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது.

ரோசம்மாள் கடை வாசலில் ஒரு பெண்ணிடம், ரவிக்கையை நாலரைக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி சொல்வது கேட்டது. அந்தப் பெண் கைக்குழந்தையோடு வெயிலில் கிளம்பினாள்.

நல்லபெருமாளின் சிரிப்பு நின்றது.

நாலு என்று அந்தத் தாளில் எழுதி எவ்வளவு நேரம் ஆகிறது? மணி இரண்டு நாற்பது.

சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றிக் கடைசிக் கிளிப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாலுதானே, டீச்சர்?"

டீச்சர் போன் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை இழுக்குதாம். அஞ்சரை ஆகும்."

நல்லபெருமாள் இரண்டிரண்டு படியாக இறங்கினார். தாளில் நாலை அடித்து அஞ்சரை என்று எழுதினார். "கேட்டது 2.40" என்று எழுதினார். தெருமுனை வரை ஓடி, அந்தப் பெண்ணை நிறுத்திச் சொன்னார். இந்த வெயிலில் ஒரு ரவிக்கைக்காக ஓடிவருகிற இவர் யார் என்று அவள் விழித்தாள்.

மேலே வந்தபோது மடிக்கணினி அணைந்திருந்தது. ஒரு பழைய கொரியர் உறையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நான்கு வேன்களை வரைந்தார். ஒவ்வொரு வேனின் கீழும், மாடிப்படியில் ஒட்டிய தாளைப் போல ஒரு சீட்டு. வேனிலிருந்து வரைபடத்துக்கு ஒரு கோடு. அறுபத்தொரு பேரிலிருந்தும் புறப்பட்ட கோடுகள் சீட்டோடு நின்றன. எதுவும் வரைபடத்துக்குப் போகவில்லை.

டீச்சர் எட்டிப் பார்த்தார். இன்னொரு டீ போட எழுந்தார்.

"ஒரு சீட்டை எத்தனை நிமிஷம் வரைக்கும் நம்பலாம், டீச்சர்?"

"கிளிப் தீர்ந்துபோச்சு, அண்ணாச்சி."

நல்லபெருமாள் காத்திருந்தார்.

"அது எனக்கும் தெரியாது. அங்க நிக்கிறவருக்குத்தான் தெரியும்," என்றார் டீச்சர்.

*

சனிக்கிழமை பேட்டைக்குப் போனார். உலகநாதன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை. நல்லபெருமாள் டீச்சரிடம் கேட்ட கேள்வியையே அவரிடமும் கேட்டார்.

உலகநாதன் யோசிக்கவே இல்லை.

"அஞ்சு நிமிஷம். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல பாத்திருக்கேன். பஸ்ஸுக்கு நிக்கிறவன் அஞ்சு வரைக்கும் ரோட்டை எட்டிப் பாப்பான். ஆறாவது நிமிஷம் கண்டக்டரைத் திட்ட ஆரம்பிப்பான்."

அன்று மதியம் நல்லபெருமாள் முதலில் வரைபடக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு சாவியும் ஒரே ஆள் வாங்கியவை, அந்த ஆள் நான்தான் என்று எழுதினார். அதன் பிறகு செயலியைத் திறந்தார்.

*

2023 செப்டம்பர் 6, புதன்கிழமை. காலை ஏழு முப்பத்தைந்துக்கு உலகநாதனின் போனில், "6 நிமிடம். கேட்டது 7.33" என்று இருந்தது. அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு வாசலுக்கு வந்தார். ஏழு முப்பத்தொன்பதுக்கு வேன் வந்தது. கடைசி ஆள் வீடு திரும்பும் வரை அன்றைக்குச் செயலி வரைபடத்தைக் கேட்ட கேள்விகள், முந்நூற்றுப் பன்னிரண்டு.