சிரிப்பு ஷாட்

சாலிகிராமத்தில் ஒரு குரு இருக்கிறார். பெயர் பூங்கோதை. காவியெல்லாம் கிடையாது, காட்டன் சுடிதார்தான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் உள்ள எடிட்டிங் அறைதான் ஆசிரமம். இருபது வருடமாக சீரியலையும் சினிமாவையும் வெட்டி ஒட்டி வருகிறார். யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. ஆனாலும் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சீடர் நாகலிங்கத்துக்கு வயது நாற்பத்து நான்கு. குருவைவிட நாலு வயது மூத்தவர். வியாசர்பாடிக்காரர். இருபது வயதில் படக்கதை வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைய, நண்பன் எபிநேசர் வசனம் எழுத, இருவருமாக ஜெராக்ஸ் எடுத்து பெரம்பூர் ஸ்டேஷன் வாசலில் விற்றார்கள். விற்றதைவிட சும்மா கொடுத்ததுதான் அதிகம். அப்புறம் ஹிப் ஹாப் பைத்தியம் பிடித்தது. லிங்கம் எழுதினார், எபி மைக்கைப் பிடித்தான். கல்லூரி விழா, டிவி போட்டி என்று பத்து வருடம் ஓடியது.

அதற்கும் பிறகு வந்தது சினிமா ஆசை. எடுக்கத் தெரிவதற்கு முன்னால் வெட்டத் தெரிய வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். லிங்கம் பூங்கோதையின் நாற்காலிக்குப் பின்னால் போய் இரண்டு வருடம் உட்கார்ந்தார். அதன்பின்தான் தன் முதல் படத்தை ஆரம்பித்தார். பழைய படக்கதைதான் கதை. எபிதான் நாயகன். கடைசியில் அந்த நாயகன் செத்துப்போவான்.

படப்பிடிப்பு முடிந்த ஏழாவது வாரம் எபி நிஜமாகவே செத்துப்போனான். எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி. பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை.

முப்பது நாள் கழித்து லிங்கம் மாடியேறி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. பூங்கோதை நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"டீச்சர், எனக்கு ஒரு சிரிப்பு ஷாட் வேணும்."

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். பிடித்த பீடை கழிந்தது என்று ஒரு நம்பிக்கை. ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிற டைரக்டர்கூட இந்த விஷயத்தில் மட்டும் கமுக்கமாகக் கேமராவை ஓடவிடுவார். எந்தப் படத்திலும் வராத ஷாட் அது.

எபியின் சாவுக் காட்சியை அவன் தெருவிலேயே எடுத்தார்கள். கழுத்தில் மாலை, மூக்கில் பஞ்சு, ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். சாயங்காலம். அடுத்த காட்சிக்கு வெளிச்சம் வேண்டும். கேமராமேன் சிரிப்பு ஷாட்டை ஞாபகப்படுத்தினார். லிங்கம் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் லிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருந்தது.

அடக்கத்தன்று எபியின் மனைவி ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அன்றைக்குச் சிரிப்பு ஷாட் எடுத்தீர்களா அண்ணா என்று. எடுத்தோம்மா என்று சொல்லிவிட்டார். குழிக்கு மண் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு வேறென்ன வாயில் வரும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள் ஜெபம். ஸ்டெல்லா போன் பண்ணியிருந்தாள்.

"படம் எனக்கு வேணாங்கண்ணா. அவர் செத்துட்டு எந்திரிச்சு சிரிச்சாரே, அத மட்டும் குடுங்க."

அவள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு லிங்கம் முகத்தை மூடிக்கொண்டார்.

"எது உங்களை உறுத்துது? பொய் சொன்னதா, எடுக்காம விட்டதா?" என்று பூங்கோதை கேட்டார்.

"எடுத்திருந்தா அவன் இருந்திருப்பான் டீச்சர். என்னாலதான் போனான்."

படித்தவர், பாட்டிலேயே மூடநம்பிக்கையைக் கிழித்தவர்தான். துக்கம் வந்தால் படிப்பு வாசலிலேயே செருப்போடு நின்றுவிடுகிறது. பூங்கோதை அவரைத் திருத்தவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் மேசைக்கு வந்த சிரிப்பு ஷாட்டை எல்லாம் அவர் அதில் சேர்த்து வைத்திருந்தார். தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றவை. தூக்கிப் போட மனம் வராமல் வைத்துக்கொண்டவை.

"இதுல நூத்திப் பதினெட்டு பேர் இருக்காங்க. எல்லாரும் ஒழுங்கா சிரிச்சவங்க. இதுல யாரெல்லாம் இன்னிக்கு உயிரோட இருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க. அப்புறம் உங்க வேலையைப் பாக்கலாம்."

லிங்கம் பக்கத்து அறையில் உட்கார்ந்தார். இரண்டு நாள் பிடித்தது. சீரியலில் மாதத்துக்கு ஒருவர் சாகிறார் அல்லவா, அதனால் சீரியல்காரர்கள்தான் நிறைய. தீக்குளித்துச் செத்த மருமகள், முகத்தில் கரியோடு வெட்கப்பட்டுச் சிரித்தாள். பாம்பு கடித்துச் செத்த பூசாரி, வெற்றிலைக் காவிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். குண்டடி பட்ட போலீஸ்காரர் சிரிப்பு வராமல் மூன்று தடவை முயன்று, நாலாவது தடவை தன் அவஸ்தையை நினைத்தே சிரித்துவிட்டார். ஒரு வயதான நகைச்சுவை நடிகர், மூக்குப் பஞ்சை எடுக்காமலேயே கண்ணடித்தார்.

தெரிந்தவர்களுக்கு லிங்கம் போன் செய்தார். தெரியாதவர்களைப் பற்றி புரொடக்‌ஷன் மேனேஜர்களிடம் கேட்டார். நடிகர் சங்கத்து அலுவலகத்தில் ஒரு அம்மா பொறுமையாகப் பெயர் பெயராகப் பார்த்துச் சொன்னார். கேட்கக் கேட்க லிங்கத்தின் குரல் தணிந்துகொண்டே போனது. சண்டைக் கலைஞர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து சாகிற காட்சியில் நடித்துவிட்டு வாய்கொள்ளாமல் சிரித்திருந்தார். அடுத்த மாதமே டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாராம்.

இரண்டாம் நாள் மத்தியானம் லிங்கம் தாளோடு வந்து நின்றார்.

"நாப்பத்தோரு பேர் இல்ல டீச்சர்."

"எல்லாரும் சிரிச்சவங்கதானே?"

"எல்லாரும்தான்."

லிங்கம் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் நகர்ந்தது. எபி போன நாளிலிருந்து பயந்து பயந்து அழுதவர், இப்போதுதான் நண்பனுக்காக அழுதார். பூங்கோதை தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அப்போ என் மேல தப்பில்லதானே டீச்சர்?"

"உயிர் போனதுல இல்ல."

லிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதிலில் இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் தோன்றியது. வேறு எதில் என்று கேட்டார். பூங்கோதை, இத்தனை பேரில் யாரை இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

கண்ணடித்த நகைச்சுவை நடிகரை என்றார் லிங்கம்.

"அவர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அவர் பொண்ணு வருஷத்துக்கு ஒரு தடவை இங்க வருவாங்க. நீங்க உக்காந்திருக்கிற சேர்லதான் உக்காருவாங்க. பதினோரு செகண்டு. பாத்துட்டுப் போயிடுவாங்க."

"பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடலாமே."

"குடுத்தேன். வீட்ல வெச்சுப் பாக்க முடியலையாம்."

லிங்கத்துக்குப் புரிந்தது. சாவைத் துரத்துவதற்கு அந்தச் சிரிப்பால் முடியவில்லை. ஆனால் ஒரு பெண்ணை வருடா வருடம் இரண்டு மாடி ஏறி வரவைக்க முடிந்திருக்கிறது. அப்படி ஒன்றைத்தான் ஸ்டெல்லாவும் கேட்கிறாள். அது அவரிடம் இல்லை. நினைத்ததும் நெஞ்சில் பழைய வலி இருந்த இடத்திலேயே புது வலி வந்து உட்கார்ந்துகொண்டது.

"செஞ்சு குடுங்க டீச்சர். உங்க கைக்கு இது பெரிய வேலையில்ல."

முடியாது என்று சொல்வார் என நினைத்தார். பூங்கோதை சரி என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

படத்தில் டீக்கடைக் காட்சி ஒன்று உண்டு. அதில் எபி நன்றாகச் சிரித்திருந்தான். பூங்கோதை அந்தச் சிரிப்பைப் பிரித்தெடுத்தார். ஐஸ் பெட்டிக் காட்சியில் கிடந்த முகத்தின் மேல் பொருத்தினார். நிறத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். கன்னத்தில் மாலையின் நிழலைக் கொண்டுவந்தார். சம்பளம் வாங்கி வெட்டுகிற படத்துக்கே இத்தனை சிரத்தை எடுப்பாரா என்று லிங்கம் வியந்தார். நாலரை மணிக்கு வேலை முடிந்தது. பூங்கோதை ஓடவிட்டார்.

எபி பெட்டிக்குள் கண்ணைத் திறந்தான். சிரித்தான். ஒரு பிசிறு இல்லை.

லிங்கத்துக்கு அரை நிமிடம் சந்தோஷமாகவே இருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இங்க அவர் யாரைப் பாத்து சிரிக்கிறார்?" என்றார் பூங்கோதை.

லிங்கம் திரையை உற்றுப் பார்த்தார்.

"டீ மாஸ்டரைப் பாத்து. எபி பன்னை டீக்குள்ள விட்டுட்டான். அவர் திட்டினார். அதுக்குச் சிரிச்சான்."

"ம்."

"ஸ்டெல்லாவுக்கு அது தெரியாது டீச்சர்."

பூங்கோதை தலையாட்டினார். செய்த ஷாட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி மேசையில் வைத்தார். பிறகு, ஐஸ் பெட்டிக் காட்சியின் வெட்டாத மூலத்தைத் திறந்தார். காட்சி முடிந்து கட் என்று குரல் கேட்ட பிறகும் கேமரா நிற்கவில்லை. நிறுத்த வேண்டியவர் ஒன்பது விநாடி தாமதித்திருக்கிறார். படம் எடுத்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. வந்ததை எல்லாம் முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை பார்ப்பது பூங்கோதையின் பழக்கம்.

எபி கண்ணைத் திறந்தான். மூக்குப் பஞ்சை எடுத்து விரலில் வைத்துக்கொண்டான். கேமராவை நேராகப் பார்த்தான். சிரிக்கவில்லை. சொன்னால் சிரிக்கலாம் என்று தயாராக இருந்தான்.

"சிரிக்கட்டாடா?"

படத்துக்கு வெளியிலிருந்து லிங்கத்தின் குரல் வந்தது. "வூட்ல போய் ஸ்டெல்லாவைப் பாத்து சிரிச்சிக்க. லைட் போவுது."

"சரி மச்சான்" என்றான் எபி. கையை ஊன்றி எழுந்திருக்கப் போனான். அதோடு முடிந்தது.

அவன் சரி என்று சொன்னது லிங்கத்துக்கு ஞாபகமே இல்லை. கோபப்பட்டானா, முகம் சுளித்தானா என்றெல்லாம் முப்பது நாளாகப் புரண்டு புரண்டு யோசித்தவர். அவன் ஒன்றுமே செய்யவில்லை. இருபத்து நாலு வருடமாக எதைச் சொன்னாலும் சரி மச்சான் என்றவன், அன்றைக்கும் அதையே சொல்லியிருக்கிறான். லிங்கத்துக்குத் தாங்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

திரும்பியபோது மேசையில், அந்த ஒன்பது விநாடியை ஏற்றிய இரண்டாவது பென் டிரைவும் இருந்தது. பூங்கோதை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டிருந்தார்.

"இதையா போய் அவகிட்ட குடுக்கச் சொல்றீங்க?"

பூங்கோதை இரண்டு பென் டிரைவையும் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நான் பொய் சொன்னது தெரிஞ்சிடும் டீச்சர். என் குரலும் அதுல இருக்கு."

"இருக்கு."

"அவ கேட்டது சிரிப்பை. இதுல சிரிப்பே இல்லையே."

"சிரிப்பு இல்ல" என்றார் பூங்கோதை. "எபி இருக்கார்."