மகாராஜாவின் கூடத்துக்குள் வந்த ஊர்

முன்னொரு காலத்தில், வீட்டை அலங்கரிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்த ஒரு ராஜா இருந்தார். நாட்டில் யுத்தம் இல்லை, பஞ்சம் இல்லை. மனிதர் வேறு என்னதான் செய்வார்? இந்திரசேனர் என்று பெயர். அவர் தம் கூடத்தில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சலை மாட்டினால், மாதம் திரும்புவதற்குள் மந்திரி வீட்டிலும் தளபதி வீட்டிலும் அதே ஊஞ்சல் ஆடும். மயில்தோகையில் திரைச்சீலை செய்தார். அந்த வருஷம் ஊரிலிருந்த மயில்களெல்லாம் மொட்டையாகத் திரிந்தன. எல்லோரிடமும் வந்துவிட்டதும் ராஜாவுக்கு அது வெறுத்துப் போகும். அதைக் கழற்றி எரிக்கச் சொல்லிவிட்டு வேறொன்றைத் தேடுவார். எரிக்கும் பொறுப்பு அலங்கார அதிகாரி மார்த்தாண்டருடையது.

இப்படியிருக்க, அரண்மனை மேல்மாடியில் மேற்குப் பார்த்த புதுக் கூடம் ஒன்று எழும்பியது. முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்பு பூசி, சுவரைப் பால் போல இழைத்து முடித்தார்கள். ராஜா சபையைக் கூட்டித் தம் ஆசையைச் சொன்னார்.

“இந்தக் கூடத்துக்குள் என் ஊர் முழுவதும் இருக்க வேண்டும். ஆறு ஓட வேண்டும், மரம் அசைய வேண்டும், யானை நடக்க வேண்டும். ஓவியமும் சிற்பமும் வேண்டாம். அவற்றை நாளைக்கே நீங்கள் எல்லோரும் செய்துவிடுவீர்கள்.”

மார்த்தாண்டர் எழுந்தார். அவருக்கு விகடகவி வெள்ளையப்பன் மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். தாம் தங்கத்தில் கட்டில் செய்து வைத்தாலும் தலையை மட்டும் ஆட்டுகிற ராஜா, அந்த ஆள் தும்மினாலே சிரிக்கிறாரே என்று. இது வெள்ளையப்பரின் புத்தியால் மட்டுமே ஆகிற காரியம், பௌர்ணமிக்குள் முடிக்காவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும் என்றார். ராஜாவும் சரி என்றுவிட்டார். கள்ளத்தனமாக எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லி, கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் தடித்த பலகையால் அடைத்து ஆணியும் அடித்தார் மார்த்தாண்டர்.

வெள்ளையப்பனின் வீடு சந்தைத் தெரு முனையில், அரண்மனைக்கு நேர் எதிரே இருந்தது. வீடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மூலையில் ஓலை பறந்துபோய், முறத்தைக் கவிழ்த்து மூடிய கூரை. செய்தி கேட்டதும் மனைவி வடிவாம்பாள் பானைகளை அடுக்கிக் கட்டத் தொடங்கினாள்.

“ஒழுகினாலும் இது நம்ம வீடுங்க. இதை விட்டு எங்கே போறது?” என்று கேட்டாள்.

ஊரையே சிரிக்க வைக்கிறவன் எழுந்து போய் அந்த இருட்டுக் கூடத்தில் தனியாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தவன் முகம் பேயறைந்தது போல இருந்தது. ஆனால் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பானைகளை அவிழ்க்கச் சொன்னான். என்ன கண்டான் என்று மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

பௌர்ணமியன்று காலை வெயில் ஏறியதும் ராஜாவையும் சபையாரையும் கூடத்துக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினான். கும்மிருட்டு.

“மகாராஜா, வெள்ளையப்பர் இருட்டையே அலங்காரமாக வைத்திருக்கிறார்” என்றார் மார்த்தாண்டர். சிலர் சிரித்தார்கள்.

வெயிலிலிருந்து வந்த கண்களுக்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும் என்று வெள்ளையப்பன் பணிவாகச் சொன்னான். எல்லோரும் நின்றார்கள். முதலில் தளபதிதான் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். போர்க்களத்தில் அசையாத மனிதர்.

வெள்ளைச் சுவரில் மெல்ல மெல்ல நீலம் ஊறியது. அது வானம். மேலிருந்து கோயில் கோபுரம் தலைகீழாகத் தொங்கியது. அதற்கும் மேலே ஆறு பளபளவென்று ஓடியது. தென்னைகள் கீழ்நோக்கி அசைந்தன. துவைக்கிறவர்கள் துணியை ஓங்கி அடித்தார்கள், சத்தமே இல்லை. கோயில் யானை சந்தைத் தெருவில் காதை ஆட்டிக்கொண்டு நடந்தது. ராஜா சுவரருகே போய் உள்ளங்கையை வைத்தார். வெறும் சுண்ணாம்புதான், சில்லென்று இருந்தது. யானை அவருடைய புறங்கையின் மேல் ஏறி, மோதிரத்தைக் கடந்து, அந்தப் பக்கம் போயிற்று. ராஜாவுக்கு மேனியெல்லாம் புல்லரித்தது. கிழ மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதை எழுதியது யார்?” என்று ராஜா மிக மெதுவாகக் கேட்டார்.

“வெயில், மகாராஜா.”

ஜன்னல் பலகையில் மரக்கணு ஒன்று உதிர்ந்து, புளியங்கொட்டை அளவில் ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே புகுந்த வெளிச்சம்தான் வெளியே இருந்த ஊரை எதிர்ச் சுவரில் தலைகீழாக எழுதிக்கொண்டிருந்தது. வெள்ளையப்பன் அதை விரலால் மூடினான், ஊர் மறைந்தது. விரலை எடுத்தான், ஊர் வந்தது. மார்த்தாண்டர் மற்ற வெளிச்சத்தையெல்லாம் இவ்வளவு கெட்டியாக அடைத்திருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது என்று நன்றியும் சொன்னான்.

மார்த்தாண்டர் விடவில்லை. ஊர் தலைகீழாக நிற்பது அபசகுனம், ராஜ்யம் கவிழும் என்றார். ராஜாவின் முகம் மாறிவிட்டது. வெள்ளையப்பன் கைகட்டி நின்றான்.

“மகாராஜா, தங்கள் முன் வருகிறவன் தலை, அவன் காலுக்கும் கீழே போக வேண்டும் என்பது இந்தச் சபையின் முறை. முதல் நாள் என் கழுத்தை அமுக்கி அதைக் கற்றுக் கொடுத்தவர் இந்த அதிகாரிதான். இன்று ஊர் சபைக்கு வந்திருக்கிறது. முறை தெரிந்த ஊர்.”

ராஜா சிரித்த சிரிப்பில் பலகை அதிர்ந்தது.

மார்த்தாண்டர் சும்மா இருப்பாரா? தம் வீட்டுக் கூடத்தையும் அடைத்து, ஓட்டை போட்டு, ராஜாவை அழைத்தார். வாசல் பக்கம் முழுக்க ஆலமர நிழல் என்பதால் கொல்லைப்பக்கம் போட்டார். மழை விட்ட மறுநாள் அது. அவர் வீட்டார் வழக்கம்போல மெத்தைகளை வெயிலில் உலர்த்தியிருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. சுவரில் ராஜமுத்திரை போட்ட மெத்தைகள் வரிசையாகத் தொங்கின. நடுவே மயில்தோகைத் திரைச்சீலை. பித்தளைச் சங்கிலி ஊஞ்சல், அதன் பலகையிலும் அதே முத்திரை.

“எரிந்து சாம்பலான ஊஞ்சல் நன்றாகவே காய்கிறது, மார்த்தாண்டரே” என்றார் ராஜா. அன்றிலிருந்து, அரண்மனை ஜன்னலின் ஓட்டையைக் குளவி கூடு கட்டி அடைக்காமல் காப்பதே மார்த்தாண்டருக்கு உத்தியோகம்.

வெகுமதியாக என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு, ஊர் ஜனங்களும் தங்கள் ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றான் வெள்ளையப்பன். கதவு திறந்தது. முதலில் வந்தவள் வடிவாம்பாள். சுவரருகே போனாள். வேலியில் தான் காயப்போட்ட சேலையே அங்கே ஆடுவதைக் கண்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ராஜா அங்கே நிற்பதே மறந்துபோயிற்று.

“பாருங்க, தலைகீழா நின்னாலும் நம்ம கூரையில முறம் மூடின இடம் தெரியுது” என்றாள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மழைக்கு முன் அந்த வீட்டுக்குப் புது ஓடு போட்டாயிற்று. மறுநாள் காலை கூடத்துச் சுவரில், கோபுரத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு சின்னக் கூரை தொங்கியது. ராஜா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.