இறங்காத துண்டு

“சாமி, துண்டு எறங்கல. முதுகுதான் எறங்கிருச்சு.”

தையல்காரர் மாசிலாமணி வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

நாகலிங்க சாமி குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். சீடரான மாசிலாமணியைவிட அவருக்குப் பத்து வயது குறைவு.

“யார் முதுகு?”

“எங்கப்பா முதுகு.”

அப்பா சாத்தையாவுக்கு எழுபத்தாறு. பெரிய வீட்டு ஆட்கள் எதிரே வந்தால் கை தானாகத் தோளுக்குப் போகும். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். ஊரில் அந்த வழக்கம் ஒழிந்து வெகுகாலமாயிற்று. அவர் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மகன் யோசித்தார். துண்டையே மாற்றித் தைத்தார். சட்டைத் தோளில் இரண்டு பட்டன், துண்டில் இரண்டு காஜா. மாட்டிவிட்டால் லேசில் வராது.

“நேத்து சந்தையில பெரிய வீட்டுப் பேரன் வந்தான். இருபது வயசுப் பய, காதுல பாட்டை மாட்டிக்கிட்டு. இவரைப் பாக்கக்கூட இல்ல. இவரு துண்டை இழுக்கிறாரு, வரல. பதறிப்போயிக் குனிஞ்சவரு, அவன் தாண்டிப் போற வரைக்கும் நிமிரவே இல்ல. முன்னெல்லாம் இவ்வளவு குனிய மாட்டாரு, சாமி.”

சாமி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். காஜாவுக்குள் விரலை விட்டார்.

“தையல் அழுத்தமா இருக்கு.”

“தையல்ல குறையில்ல. எங்க தப்புனுதான் புரியல. இன்னும் ரெண்டு பட்டன் வைக்கவா? இல்ல, துண்டே வேணாம்னு சொல்லிறவா? சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அவரு நிமிந்து நிக்கிறதப் பாக்கணும் சாமி.”

“எங்கே அவர்?”

“வாசல்ல. பழைய துண்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. உள்ள வரமாட்டாராம்.”

சாமி ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மாசிலாமணி பின்னால் ஓடினார்.

சாமியைக் கண்டதும் பெரியவரின் கை தோளுக்குப் போனது.

அதற்குள் சாமி தம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கைகட்டி, ஒதுங்கி நின்றார்.

சாத்தையாவின் கை துண்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. இழுக்கவில்லை.

அவர் மகனைப் பார்த்தார். மகனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்றே தெரியவில்லை.

“சாமி...” என்றார் பெரியவர். “இப்ப நான் என்ன செய்யணும்?”

“தெரியலீங்கய்யா,” என்றார் சாமி. “எனக்கும் இதுதான் முதல் தடவை.”