பழைய ஜல்லியும் புதுச் சிமெண்டும்

ஒரு பெரிய நகரத்தில், ஒரு மூன்று மாடி வீட்டின் தூணுக்குள் ஒரு ஜல்லி குடியிருந்தாள். ஒரு தலைமுறைக் காலம் பாரம் சுமந்தாள். அலுத்துக்கொண்டதில்லை. பிறகு வீட்டை வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு உயரமாகக் கட்ட நினைத்தார்கள். சம்மட்டி வந்தது, அதன் பின்னால் இயந்திரம் வந்தது, வீடு குவியலாகிவிட்டது.

குவியலில் கிடந்த ஜல்லிக்கு ஒரே பயம்தான். இடிபட்ட வீடுகள் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். லாரி ஏரிக்கரையில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஏரியும் பாழ், விழுந்தவர்களும் பாழ்.

ஆனால் அந்த வருஷம் நகரத்தில் சட்டம் மாறியிருந்தது. இடிக்கிறவர் இடிபாட்டை அரவை ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். கட்டுகிறவர் அந்த ஆலையிலிருந்து வருவதில் ஒரு பங்கைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். மீறினால் கட்டடத்தில் ஆள் குடியேற அனுமதி கிடைக்காது.

அப்படித்தான் ஜல்லி ஆலைக்குப் போனாள். கம்பியைப் பிரித்தார்கள், மரச்சில்லைப் பொறுக்கினார்கள், அவளை உடைத்து, அலசி, சலித்தார்கள். வலித்தது. ஆனாலும் சல்லடைக்கு அந்தப் பக்கம் வந்து விழுந்தபோது, நாம் இன்னும் வேலைக்கு ஆவோம் என்று ஒரு தெம்பு பிறந்தது. அந்தத் தெம்போடு, ஊரின் மறுகோடியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் இறங்கினாள். சுற்றுச்சுவரின் அடித்தளத்துக்கு அவளைப் போடுவதாக ஏற்பாடு.

கொட்டகையில் சிமெண்டு தன் மூட்டைக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்திலேயே மலையிலிருந்து வந்த புது ஜல்லி, கருநீலமாக, விளிம்பெல்லாம் கூராக. சிமெண்டு வந்தவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் உடம்பெங்கும் பழைய காரை திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல், அருகே குவிந்திருந்த மணலிடம் திரும்பினான்.

"இவ ஏற்கெனவே ஒருத்தனோட வாழ்ந்தவ. அவன் இன்னும் மேலேயே இருக்கான். நான் எங்கே பிடிக்கிறது?"

மணல் எந்தப் பக்கமும் சாயாத சுபாவம். சட்டம் அப்படி இருக்கிறதாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிட்டது.  வழியெல்லாம் வெயிலில் வந்த பழைய ஜல்லிக்குத் தாகத்தில் குரலே எழவில்லை.

மேஸ்திரி தணிகாசலம் சோதனைக்காக ஒரு கலவை போட்டார். வழக்கமான அளவு தண்ணீர்தான் ஊற்றினார். இயந்திரம் சுற்றத் தொடங்கியதும் பழைய ஜல்லிக்குத் தாங்க முடியாத தாகம். அவள்மேல் இருந்த காரை இருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. சிமெண்டுக்கு மிஞ்சவில்லை. அவனும் அதுதான் சாக்கென்று ஒதுங்கியே நின்றான். அச்சில் போட்டு வைத்த துண்டு, காய்ந்த பிறகு தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

கட்டட முதலாளி அதைக் காலால் தள்ளிப் பார்த்தார். இந்தச் சனியனை ஏரிப்பக்கம் அனுப்பிவிட்டுப் புதுசையே போட்டு முடியுங்கள், மண்ணுக்குள் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றார். ஏரி என்ற சொல் காதில் விழுந்ததும் பழைய ஜல்லிக்கு உயிரே போய்விட்டது. அங்கே பொறியாளராக இருந்த ரெஹானா, போடாததைப் போட்டதாகக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டாள். தாகத்தோடு வந்ததை அப்படியே கலந்தது நம் தப்பு. நனைத்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்போம் என்றாள். முதலாளி முனகிக்கொண்டே, ஒரே ஒரு தடவை என்று ஒப்புக்கொண்டார்.

அன்று மத்தியானம் மேஸ்திரி குவியலின் மேல் குழாயைத் திறந்துவிட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தினார்.

"நிதானமா குடி. உனக்குப் போகத்தான் மத்தவங்களுக்கு" என்றது தண்ணீர்.

வயிறு நிறையக் குடித்த பிறகுதான் பழைய ஜல்லிக்குக் குரல் வந்தது. அவள் நேராகச் சிமெண்டிடம் பேசினாள்.

"என் மேல ஒட்டியிருக்கிறது யாருன்னு பார்த்தீங்களா?"

"யாரோ ஒருத்தன்."

"உங்க ஆளுதான். உங்களை மாதிரியே மூட்டையில வந்தவர். வீட்டை இடிச்சாங்க, ஆலையில உடைச்சாங்க, தண்ணியில அலசினாங்க. அவர் விடல. நீங்க பிடிச்சா, எது வரைக்கும் பிடிப்பீங்க?"

 வீடு கட்டுவதைப் பற்றிச் சிமெண்டு நிறையப் பெருமை பேசியிருக்கிறான். கட்டிய வீடு ஒருநாள் போன பிறகு தான் என்ன ஆவோம் என்று யோசித்ததே இல்லை. குனிந்து அந்தப் பழைய காரையைப் பார்த்தான். நிறம் மங்கியிருந்தது. ஆனால் கல்லை விட்டு மயிரிழைகூட நகரவில்லை. தன் முகத்தையே, வயதான பிறகு பார்ப்பதுபோல் இருந்தது. அதுவரை வாய் திறக்காத புது ஜல்லி கொஞ்சம் நகர்ந்து, பழையவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

மறுபடி கலவை சுற்றியபோது பழைய ஜல்லி யார் பங்குத் தண்ணீரையும் கேட்கவில்லை. சிமெண்டு தானாக அவளிடம் வந்தான். இந்த முறை அச்சில் காய்ந்து நின்ற துண்டை முதலாளியே சுத்தியல் வாங்கித் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. அவர் ரெஹானாவைப் பார்க்காமல், போடச் சொல்லுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சுற்றுச்சுவருக்குத் தோண்டிய பள்ளத்தில் கலவையை ஊற்றிச் சமன் செய்தார்கள். ஆட்கள் கை கழுவப் போன பிறகு, பழைய ஜல்லிக்குத் தன்னைச் சுற்றி இறுகிக்கொண்டிருந்த சிமெண்டில் சூடு ஏறுவது தெரிந்தது. மெல்ல மெல்ல அதிகமானது. அவளுக்குக் கவலையாகிவிட்டது.

"இன்னும் கோபமா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் சிமெண்டு. "பிடிச்சிருக்கு."