பல்லிக்குப் பூசும் பிசின்

விஷக்காய்ச்சல் வந்த வருஷம், இருமியவர்களை எல்லாம் ஜமீன்தார் காட்டுக்குத் துரத்தினார். தேனெடுக்கும் சடையனின் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் அதில் போனார்கள். பிறகு அவனையே அரண்மனைக்கு இழுத்துவரச் செய்தார்.

"தேனீ கூட்டுக்குப் பிசின் பூசி நோயைத் தடுக்குமாமே. என் கதவு, ஜன்னலுக்கெல்லாம் பூசு. அப்புறமும் உள்ளே யாருக்காவது காய்ச்சல் வந்தால் உன் தலை இருக்காது."

சடையன் உச்சிவெயிலில் கம்பளி போர்த்தியிருந்த ஜமீன்தாரைப் பார்த்தான்.

"பூசுகிறேன் சாமி. ஆனால் கூட்டுக்குள் பல்லி செத்துக் கிடந்தால், தேனீயால் அதைத் தூக்கிப்போட முடியாது. கிடந்த இடத்திலேயே பிசினால் மூடிவிடும். நாற்றம்கூட வராது. அதனால் உள்ளே யாருக்காவது ஏற்கெனவே காய்ச்சல் இருந்தால் முதலில் அவரைத்தான் மூடணும். யார் சாமி அது?"

வேலைக்காரர்கள் அத்தனை பேரும் கம்பளியைப் பார்த்தார்கள். ஜமீன்தார் அடக்கி வைத்திருந்த இருமல் அப்போதுதான் வெளியே வந்தது.

"பிசினைக் காய்ச்சட்டுமா சாமி? இல்லை, உங்கள் உத்தரவுப்படி காட்டுக்குக் கிளம்புகிறீர்களா?"

"உத்தரவு ரத்து" என்றார் ஜமீன்தார்.

இருட்டுமுன் சடையனின் பெண்டாட்டியும் குழந்தையும் வீடு வந்தார்கள். ஜமீன்தாரோ சாகும்வரை பல்லியைக் கண்டால், கிடந்த இடத்திலேயே மூடிவிடுவார்களோ என்று எழுந்து நின்றார்.