பழைய பெட்டிக்குப் புதிய பதிப்பு

மயிலாடுதுறையில் ஒரு நூலகத்தின் மாடியில் கணினி அறை இருந்தது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய கணினிகளைக் கேட்டு வாங்கி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய 'தும்பை' என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவி, முபீனா அவற்றை ஓட வைத்திருந்தாள். தும்பையை உருவாக்குகிறவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த வட்டாரத்தில் கட்டற்ற மென்பொருள் கற்க நினைத்தவர்கள் அவளிடம்தான் வந்தார்கள்.

அவளுடைய மாணவர்களில் மூத்தவர் அமிர்தகடேசன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவளுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். தும்பையின் புதிய பதிப்பு எது வந்தாலும், சோதனைப் பதிப்பிலிருந்தே இறக்கி ஓட்டிப் பார்ப்பதில் அவருக்கு அலாதியான ஆசை. பென் டிரைவைச் செருகிவிட்டால் சாப்பாடு மறந்துபோகும்.

அன்றைக்கும் புதிய பதிப்பு வந்திருந்தது. ஒரு கணினியில் செருகினார். திரை கறுத்தது. ஒரே ஒரு வரி வந்தது: 'இவ்வகைப் பழைய கணினிகளில் இனி தும்பை இயங்காது.'

அடுத்த கணினியில் போட்டுப் பார்த்தார். அங்கும் அதே வரி. கடைசிக் கணினிவரை போய்ப் பார்த்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தார்.

"அநியாயம் டீச்சர்! பச்சை அநியாயம்!"

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பழைய பதிப்பின் உலாவியில் மாதிரித் தேர்வுத் தளம் திறப்பதில்லை. புதிய பதிப்பு வந்தால் சரியாகிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தவரே அவர்தான்.

"காசு வாங்கி விக்கிற கம்பெனிக்காரன் பழைய கம்ப்யூட்டரைக் கைவிட்டா, அவன் வியாபாரி, விட்டுத் தள்ளலாம். இவங்க? எல்லாருக்கும் சொந்தம், யாரையும் விட்டுட மாட்டோம்னு எழுதி வெச்சிருக்காங்களே! இந்தப் பொண்ணுங்க எல்லாருக்குள்ள சேத்தியில்லையா?"

"உங்க கோபம் நியாயம்தான், சார்" என்றாள் முபீனா.

அது அவரை இன்னும் சூடாக்கியது. "நீங்க இப்படி நிதானமா இருக்கிறதுதான் எனக்குத் தாங்கலை. இங்க ஒரு அறை நிறைய கம்ப்யூட்டர் ஓடுறது அவங்க கண்ணுக்குத் தெரியலையா? எப்படி டீச்சர் நாம இல்லவே இல்லைன்னு முடிவு பண்ணினாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

முபீனா அவர் அருகில் வந்தாள்.

"சார், ஒரு உதவி. இந்த அறையில இருக்கிறவங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுங்களேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவருக்கு எரிச்சலாக வந்தது. குருவின் சொல்லைத் தட்டவும் மனமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"பூங்கோதை!"

"உள்ளேன் ஐயா."

"சுகிர்தா!"

"உள்ளேன் ஐயா" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மர்லின்!"

"உள்ளேன் ஐயா."

"முபீனா!"

முபீனா அவர் எதிரில் நின்றாள். அவர் முகத்தையே பார்த்தாள். பேசவில்லை.

"முபீனா!"

அவள் உதடு அசையவில்லை.

"டீச்சர், உங்களைத்தான் கூப்பிடறேன்."

அதற்கும் பதில் இல்லை. அத்தனை வருடத்துத் தலைமையாசிரியர் அவருக்குள் எழுந்துவிட்டார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. வாயைத் திறந்து சொல்லலேன்னா ஆப்சென்ட்தான் போடுவேன்!"

"எதிர்லயே நிக்கிறேனே, சார்?"

"நின்னா? அத்தனை பேர்ல நான் ஒவ்வொரு முகமாத் தேடிக்கிட்டிருக்க முடியுமா? குரல் வந்தாத்தான் ஆள் இருக்குன்னு அர்த்தம்!"

முபீனா தலையசைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள்.

"போன சோதனைப் பதிப்பை நீங்க இதே கம்ப்யூட்டர்லதான் ஓட்டிப் பாத்தீங்க. அப்ப அவங்க கேட்டிருந்தாங்க, சார். பழைய கம்ப்யூட்டர்ல ஓட்டறவங்க யாராவது இருக்கீங்களா, இருந்தா ஒரு வரி எழுதுங்கன்னு. நான் எழுதினேன். ஒருத்தர் போதாது, வேற யாரும் இல்லையான்னு திரும்பவும் கேட்டாங்க. உங்களையும் எழுதச் சொன்னேன்."

"அது..." என்றார் அமிர்தகடேசன். "அதான் நல்லா ஓடிச்சே டீச்சர். நல்லா ஓடுறதைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு நான்..."

நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் மறுபடி புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்கள். இறங்க மறுத்த கோபம் இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அவர் முகத்திலேயே நின்றது.

சற்றுப் பொறுத்து, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தும்பைக்காரர்களின் இணையப் பக்கத்தைத் திறந்தார். 'உங்களுக்கெல்லாம் வெட்கமாக இல்லையா' என்று தொடங்கி விறுவிறுவென்று அடித்தார். பாதியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இனிமே எழுதி என்ன பிரயோஜனம்? முடிவு பண்ணிட்டாங்களே. இப்ப எழுதினா சேத்துக்குவாங்களா?"

"தெரியாது, சார்."

"அப்ப இதை அனுப்பறதா, வேண்டாமா?"

முபீனா குனிந்து அவர் எழுதியதைப் படித்தாள்.

"அனுப்புங்க. ஒரு வார்த்தைகூட எடுக்க வேண்டாம்" என்றாள். "மேல ஒரு வரிக்கு மட்டும் இடம் விடுங்க. 'உள்ளேன்'னு முதல்ல எழுதுங்க."